சாவி வாங்கிய கை

விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி. அதன் வளையத்தில் சிவப்புக் கயிறு. கால்வாய் ஷட்டரின் பூட்டுக்கு உரியது. மடைகளைத் திறந்து அடைக்கும் லஸ்கர் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். எத்தனையோ சாவிகளைத் தொட்டிருக்கிறேன்; இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

தண்ணீர் குறைந்த நாட்களில் மேல்மடைக்கும் கடைமடைக்கும் முறை வைத்து விடுவோம். அப்போது சாவி பாசன சங்கத் தலைவரிடம் இருக்கும். ஒரு தடவை அந்தப் பொறுப்புக்கு ஓர் அக்கா வந்தார்கள். போட்டியே இல்லை. எப்படி இருக்கும்? பேருக்கு அவர்கள், காரியத்துக்கு அவர்கள் வீட்டுக்காரர் என்பது மேல்மடைக்காரர்களின் நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான். அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து, சாவி பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் அக்கா கையெழுத்துப் போட்டார்கள். பேனாவை மூடிவிட்டுக் கையை நீட்டினார்கள். நான் சாவியைப் பக்கத்தில் நின்ற அவர்கள் வீட்டுக்காரர் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, அதுதான் கேவலம். அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எனக்குக் காப்பி எடுக்க உள்ளே போனார்கள்.

அந்த வருடம் கன்னிப்பூவில், அதாவது முதல் போக நெல் சாகுபடியில், மழை ஏமாற்றிவிட்டது. கதிர் வெளிவரும் நேரம், கடைமடையின் முறை வந்தும் மேல்மடை ஷட்டர் அடைபடவில்லை. அண்ணாச்சியின் சேக்காளிகள் எல்லாரும் மேல்மடைக்காரர்கள். "இன்னும் ஒரு நாள் திறந்து கிடக்கட்டும் வோய்" என்றால் அவரால் தட்ட முடியாது. அக்கா வீட்டில் சாவியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தது எனக்குத் தெரியும். கடைமடை வயல்கள் வெடித்தன.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கத்தினார்: "பொம்பளை கையில சாவியக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்!" பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார்கள். அக்காவின் கையெழுத்து. அண்ணாச்சி தரையைப் பார்த்தார். உண்மை தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார்கள்.

"பதிவேட்டுல கெடக்க ஒப்பு எனக்கது. அதனால தப்பும் எனக்கதுதான். ஆனா சாவி இதுவரைக்கும் எனக்க கையில வரல்ல. இப்பம் தாங்க."

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா நேரே ஷட்டருக்கு நடந்தார்கள். பூட்டைத் திறந்து சக்கரத்தைப் பிடித்தார்கள்; துருப்பிடித்திருந்த அது அசையவில்லை. "நவுருங்கக்கா, நான் சுத்துதேன்" என்று ஓடினேன்.

"பேச வேண்டிய எடத்துல பேசல்ல. இஞ்ச வந்து பெலத்தக் காட்டாண்டாம்."

மூச்சு வாங்க, உள்ளங்கை சிவக்க, அவர்களே சுற்றி அடைத்தார்கள். கடைமடையில் பாதிப் பயிர் பிழைத்தது. அன்றே அந்தச் சாவியில் சிவப்புக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு தண்ணீர் முறை ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த தேர்தலில் ஊர் வேறோர் ஆளைத் தேடியது. "அக்காளுக்குப் பிடிவாதம் கூடுதல்" என்றார்கள். அண்ணாச்சி அதையே செய்திருந்தால் கண்டிப்பானவர் என்று மாலை போட்டிருப்பார்கள். என் வாக்கு அக்காவுக்குத்தான். ஆனால் அப்போதும் அதை வெளியே சொல்லவில்லை.

போன மாதம் என் மகள் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையாகச் சேர்ந்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன். அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அலுவலக உதவியாளர் சாவிக்கொத்தை எடுத்து, "இந்தாங்க சார்" என்று என்னிடம் நீட்டினார். மகளின் கை பாதி தூரம் வந்திருந்தது.

அதற்குள் நான் வாங்கிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, வேலையில சேந்தது நானா, நீங்களா?" என்றாள். சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தேன். அன்று அக்கா நீட்டிய கையிலும் இப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.