இயந்திரத்துக்குத் தெரிந்த ஒரே நடவுப் பாட்டு

தஞ்சாவூரில் ஒரு எஃப்.எம். நிலையத்தில் எந்தப் பாட்டை எப்போது போடுவது என்று பட்டியல் தயாரிப்பது என் வேலை. மதியம் இரண்டு மணிக்கு மட்டும் பட்டியல் கிடையாது. நடவு நடும் பெண்கள் வயலிலிருந்தே போன் செய்து பாடுவார்கள். அப்படியே ஒலிபரப்புவோம்.

நீடாமங்கலம் பக்கத்து அக்கா ஒருவர் தினமும் போனில் வந்துவிடுவார். வாய்க்காலில் தண்ணீர் வராதது, மருமகன் வாங்கிய பைக், டீ கொண்டுவர மறந்தவர் என்று அன்றன்று நடந்ததை அன்றே பாட்டாகக் கட்டிவிடுவார். பாடியதையே திரும்பப் பாடச் சொன்னால் கோபம் வரும். "அதான் நேத்தே பாடியாச்சே தம்பி" என்பார்.

எங்கள் ஒலிபரப்பை நாள் முழுதும் ஒரு கணினி கேட்டுக்கொண்டிருக்கும். எந்தப் பாட்டு, எத்தனை முறை வந்தது என்று அது கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் விளம்பரம் தருகிறவர்கள் புதுப்பாட்டு நிலையம், பழைய பாட்டு நிலையம், பேச்சு நிலையம் என்று வகை பிரிப்பார்கள். அக்காவின் ஒரு மணி நேரம் முழுவதையும் அது 'பேச்சு' என்று எழுதிவைத்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கணினியைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

"அந்த நிகழ்ச்சி நம்ம வகையையே கெடுக்குது, எடுத்துடுங்க" என்றார் சென்னைத் தலைமை அலுவலக அதிகாரி.

அங்கேதான் நான் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அக்காவின் தண்ணீர்ப் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்து, கணினிக்குத் தெரிந்த பாட்டுகளோடு சேர்க்கச் சொல்லி அதை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தேன். படிவத்தில் படத்தின் பெயர் கேட்ட இடத்தில் 'வயல்' என்று எழுதினேன். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பாட்டு தெரியாது, பதிவுதான் தெரியும். பதிவைப் போட்டால் 'பாட்டு' என்றது. அக்கா நேரில் பாடினால் அப்போதும் 'பேச்சு' என்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

அதிகாரிக்கு மட்டும் ஏக மகிழ்ச்சி. "பிரச்சினை தீர்ந்துச்சுல்ல? ரெண்டு மணிக்கு அந்தப் பதிவையே தினமும் போடுங்க. அப்புறம் புதுப்பாட்டு. போன் எதுவும் வேண்டாம்."

வாதாடிப் பார்த்தேன். அவர் அறிக்கையைக் காட்டினார். அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது என்று தள்ளிப்போட்டேன்.

முதல் நாள் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"தம்பி, அது போன மாசம் பாடுனது. தண்ணியெல்லாம் வந்துடுச்சு. இன்னிக்குப் புதுசா கட்டியிருக்கேன், பாடட்டா?"

வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பாடுங்கக்கா" என்றேன்.

வந்த தண்ணீரை வம்புக்கு இழுத்துப் பாடினார். பெண்கள் சிரித்தபடி கூடச் சேர்ந்துகொண்டார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான் ஒருவன் மட்டும் கேட்டேன். நடுவில் யாரோ ஒரு பெண் வரப்பில் இருந்த ரேடியோவைப் பார்த்து ஏதோ சொன்னாள். பாட்டு நின்றது.

"ரேடியோல இன்னும் பழசுதானே ஓடுது? அப்ப நான் பாடுறது எங்க போவுது தம்பி?"