பின்கதவு மூடியிருக்கும்

இன்று காலை எங்கள் படகுத் தொழிற்சாலையின் காற்று மாசு பெர்மிட்டைப் புதுப்பிக்கப் படிவம் நிரப்பினேன். "பெயிண்ட் அடிக்கும்போது பின்கதவு மூடியிருக்கும்" என்று எழுதினேன். பிற்பகல் மூன்று மணிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது, வெக்கை தாங்காமல் தினமும் திறந்துதான் வைக்கிறோம்.

மாலையில் நான் குடியிருக்கும் ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் மேல்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தப் படகு பேக்டரிலேருந்து ஒரே பெயிண்ட் வாடை லா. சின்னவளுக்கு இருமல் நிக்கல. உனக்கு மலாய் நல்லா வருமே, ஒரு புகார் எழுதிக் குடு."

நான் அங்கேதான் வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவர் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி, வாசித்தும் காட்டினேன். திறந்த பின்கதவு, பிற்பகல் மூன்று மணி, எல்லாம் சரியாக வந்திருந்தது.

"கதவு, மூணு மணியெல்லாம் நான் சொல்லவே இல்லையே தம்பி" என்றார்.

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?