அம்மா மொட்டை போட்ட வருஷம்

அம்மாவுக்குப் பிறந்த ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். வானம் பார்த்துச் சோளமும் கடலையும் விதைக்கிற காடு. "குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல பிறந்தவளுக்கு இம்புட்டு முடி எப்படித்தான் வளந்துச்சோ!" என்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆச்சரியப்படுவாள். அது பாராட்டா பொறாமையா என்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. இடுப்பைத் தாண்டித் தொங்குகிற முடி. பின்னிப் போட்டால் என் மணிக்கட்டைவிடத் தடிமனாக இருக்கும். அப்பா பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு விதைக்கடையில் வேலை பார்த்தார். சாயங்காலம் நாகல் நகர் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கையில் மல்லிகைப் பொட்டலம் இல்லாத நாள் எனக்கு ஞாபகமில்லை. கல்யாணமான மறுநாள் தொடங்கிய பழக்கமாம்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அந்த முடி எனக்கு எதிரியாகிவிட்டது.

அதற்கு முந்தின வருஷமே அம்மாவின் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. பிறகு மணிக்கட்டு, பிறகு தோள். ஏற்கெனவே கழுத்துவலியும் முதுகுவலியும் இருந்தன. எல்லாம் சேர்ந்துகொண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் முடக்குவாதம் என்றார். அம்மாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. "நான் என்ன முடங்கியா கிடக்கேன்? மூணு வேளையும் ஆக்கிப் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பாவிடம் சண்டை போட்டாள், டாக்டரிடம் போட வேண்டிய சண்டையை.

காலையில்தான் ரொம்ப மோசம். எழுந்து ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து முழுசாகத் திரும்புவாள். அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதலில் ஒரு சட்டி வெந்நீரில் இரண்டு கைகளையும் முக்கிக்கொண்டு உட்காருவாள். குழாயை விரலால் திருகாமல் உள்ளங்கையால் தள்ளித் திறப்பாள். பால் பாக்கெட்டைப் பல்லால் கடிப்பாள். காய் நறுக்க முக்காலி. ஒரு வேலை முடிந்தால் சுவரோடு முதுகைச் சாய்த்துச் செத்த நேரம் உட்காரல், அப்புறம் அடுத்த வேலை. இட்லி தின்ற பிறகுதான் மாத்திரை. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கையை உருகின மெழுகில் முக்கி எடுப்பார்கள், தாடையில் பட்டி மாட்டி எடைக்கல்லைத் தொங்கவிட்டுக் கழுத்தை இழுப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது அம்மாவைத் தூக்கில் போடுகிறார்கள் என்று நான் ஊளையிட்டதில், அந்த வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் செத்த நேரம் வலி மறந்துபோனது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். முடக்கத்தான் தோசையும் ஆட்டுக்கால் சூப்பும் மாறி மாறி வந்தன. சேவுகம்பட்டியிலிருந்து ஒரு தைலம் வந்தது. அதைத் தேய்த்த அன்று பக்கத்து வீட்டு நாய்கூட எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அம்மா எல்லாவற்றையும் தலையாட்டாமல் கேட்டுக்கொள்வாள். தலையைத்தான் ஆட்ட முடியாதே.

அவளுக்கு வழி கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். தோளுக்கு மேல் கை எழும்பவில்லை. தலை வாரிக்கொள்ள முடியவில்லை.

அப்பா ஒருநாள் முயன்று பார்த்தார். விதை மூட்டைக்கு வாய் கட்டுகிற கை அல்லவா, முடியை ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கி முடிச்சே போட்டுவிட்டார். அவிழ்க்க அரைமணி நேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து எண்ணெய் தேய்த்து வாரிவிடுவாள். கூடவே தெரு முழுக்கக் கேட்கும்படி, "பாவம், தலைகூட வாரிக்க முடியல, என் தம்பி தலையெழுத்து" என்று ஒரு பாட்டம் புலம்பலும் நடக்கும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற நாட்களில் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பத்து வயதுப் பெண்ணுக்கு அது லேசான வேலை இல்லை. சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, நுனிவரை பின்னி முடிப்பதற்குள் எனக்குக் கை கடுத்துவிடும். அதற்குமேல் டாக்டர் மாட்டச் சொன்ன கழுத்துப்பட்டை வேறு. அதில் சரக்கென்று ஒட்டிக்கொள்கிற பட்டியில் முடி போய் மாட்டும். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிரேயருக்குப் பிந்திப் போய் இரண்டு தடவை வெளியே நின்றிருந்தேன்.

அன்றைக்கு மாதத் தேர்வு. பாதி பின்னியிருந்தேன். "செத்த இறுக்கிப் பின்னு பாப்பா, அவுந்து அவுந்து போகுது" என்றாள் அம்மா. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ, பின்னலைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழு இழுத்தேன். அம்மாவின் தலை பின்னால் சாய்ந்தது. அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. பயத்தில் எனக்குக் கோபம் இன்னும் கூடிப்போனது.

"இந்த முடியை வெட்டித்தான் தொலையேன்! தினமும் என் உசுரை வாங்குது" என்று சீப்பை வீசிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன்.

அம்மா கழுத்தைப் பிடித்தபடி, "போயிட்டு வா, நேரமாச்சு" என்றாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அது பாதிப் பின்னலாகவே கிடந்தது. மத்தியானம் வாடகை வாங்க வீட்டுக்காரம்மா வந்தபோது முந்தானையைத் தலையில் போட்டுச் சமாளித்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. பேசாமல் போய் மீதியைப் பின்னிவிட்டேன். அப்பா கொண்டுவந்த பூவை அம்மா வைத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்குச் சாமிக்கு" என்று முருகன் படத்துக்குப் போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அத்தையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சோற்றுக்கு வெஞ்சனம் வைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக அம்மா சொன்னாள்: "என்னங்க, பழனிக்கு ஒரு மொட்டை பாக்கி இருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அப்பா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். அம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு மூன்று வயதில் விஷக்காய்ச்சல் கண்டதாம். பிழைக்காது என்று கைவிட்ட நேரத்தில், 'முருகா, பிள்ளையைக் கொடு, என் முடியைத் தாரேன்' என்று வேண்டினாளாம். பிழைத்த சந்தோஷத்தில் மறந்தே போனாளாம்.

அத்தை கையை உதறினாள். "அதான்டா தம்பி! அதான் கழுத்தைப் பிடிச்சு உக்காந்திருக்கான்! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஈரச்சேலையோட நின்னு வேண்டுனாளே! நான் அப்பவே நினைச்சேன்."

"பூமுடி கொடுத்தாப் போதாதாக்கா? நுனியில ரெண்டு கத்திரி போட்டு..." என்று அப்பா இழுத்தார்.

"சாமிகிட்டயே பேரம் பேசுறியா? குடும்பம் விளங்கிடும்!"

மனிதர்கள் சொல்லியிருந்தால் அப்பா மல்லுக்கு நின்றிருப்பார். முருகனிடம் யார் மல்லுக்கு நிற்பது?

என் காய்ச்சலால்தான் அம்மாவுக்கு இந்த வலியெல்லாம் வந்ததா? அது போதாதென்று வெட்டித் தொலை என்று நானே வாய்விட்டுச் சொன்னேனே! முருகன் அதைக் கேட்டுவிட்டுத்தான் பழைய கடனை ஞாபகப்படுத்தினானோ? பழனிக்குப் புறப்படும்வரை அந்த ஒரு வாரம் முழுக்க நான் சொல்லாமலே போய் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன், ஒரு முடிகூட இழுபடாமல்.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. எனக்கு முப்பது வயது ஆனபிறகு, என் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே சொன்னாள். "காய்ச்சலாவது கத்திரிக்காயாவது! உனக்குச் சளி பிடிச்சதுக்கே நான் ஆஸ்பத்திரி போனதில்ல."

"பின்ன எதுக்கும்மா?"

"நீதான் யோசனை கொடுத்தே. வெட்டித் தொலைன்னேல்ல? புருஷன் உள்ள கட்டுக்கழுத்தி முடியை வெட்டுனா ஊரு என்ன பேசும்? மொட்டை போட்டாக் கன்னத்துல போட்டுக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "விரல் மடங்கலைன்னா வெந்நி வச்சுக்கலாம். முதுகு வலிச்சாப் படுத்துக்கலாம். என் தலையை நானே தொட முடியாம, தினம் விடிஞ்சா யார் கை வரும்னு உக்காந்திருந்தேன் பாரு, அதுதான்டி தாங்கல. உன்னையத் திட்டவும் மனசு வரல. சின்னப்பிள்ளை, நீ என்ன பண்ணுவே?"

"முருகன் பேர்ல பொய் சொன்னியே, பயமா இல்லையா?"

"அவனே மொட்டையாண்டி. அவனுக்குத் தெரியாதா முடி எம்புட்டுப் பாரம்னு?"

ஆனால் அந்த வருஷம் நான் இதையெல்லாம் எங்கே கண்டேன்? பழனிக்குப் போகிற பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கழுத்துப்பட்டையோடு, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். அப்பா ஒட்டன்சத்திரம்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் அப்படியேதான்.

அடிவாரத்தில் மொட்டை போடுகிற கொட்டகையில் ஒரு பெரியவர் கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்கம்மா, பூமுடிங்களா, மொட்டைங்களா?" என்று கேட்டார்.

"பூமுடி" என்றார் அப்பா.

"மொட்டை" என்றாள் அம்மா.

பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிவு பண்ணிச் சொல்லுங்க. கத்தி வச்சபிறகு ஒட்ட முடியாதுங்க."

அப்பா அம்மாவிடம் குனிந்து, எனக்குக் கேட்காது என்ற நினைப்பில், "இது ஒண்ணுதான் உனக்கு மிச்சம் இருக்குன்னு நினைச்சேன்" என்றார். அம்மா உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தாள். "நான் இருக்கேன்ல?" என்றாள். பிறகு பெரியவரிடம், "மொட்டைதாண்ணே. ஆனா எனக்குக் கழுத்து குனியாது" என்றாள்.

"நீங்க எதுக்குங்க குனியோணும்? நான் நிக்கறேன்" என்று அவர் எழுந்தார். அம்மா நேராக உட்கார்ந்திருக்க, அந்த மனிதர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து சிரைத்தார். முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. அப்பா சந்தனம் வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். நான் வாய்விட்டே அழுதேன்.

பிறகு அம்மா குழாயடியில் போய் நின்றாள். வீட்டில் தலைக்கு ஊற்றுவதென்றால் நாலு குடம் தண்ணீரும் அரை நாளும் வேண்டும். நாகல் நகர்க் குழாயில் தண்ணீர் வருகிற லட்சணத்துக்கு அது பெரிய திருவிழா. இங்கே தலை நனைந்து வழிய ஒரு நிமிஷம்தான் ஆனது. ஒரு கையால் இன்னொரு முழங்கையைத் தாங்கிப் பிடித்து, துண்டை மெல்லத் தலைமேல் கொண்டுபோய்த் தானே துடைத்துக்கொண்டாள். "அம்புட்டுத்தானா!" என்றாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில். என்னைத் தேற்றத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன்.

அப்பா வந்து சந்தனத்தைக் குழைத்து அவள் தலையில் பூசினார். வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவர், பூசி முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை.

படி ஏற அம்மாவுக்கு முடியாது. வரிசையில் நின்று, கம்பிவடம் இழுக்கிற விஞ்சு ரயிலில் ஏறி மேலே போனோம். சன்னதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. எனக்கு உள்ளே தெரிந்தது விபூதி பூசின ஒரு சின்ன முகம்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். என்னால் போன முடியை நான்தானே திரும்ப வாங்கித் தர வேண்டும்?

இறங்குகிற விஞ்சில் ஜன்னலோரம் அம்மா கேட்டாள், "என்னத்தடி அம்புட்டு நேரம் வேண்டுனே? பின்னாடி நின்னவுக திட்டுறவரைக்கும்?"

"உனக்கு முடி சீக்கிரமா வளரணும்னு. முன்ன இருந்ததைவிட நீளமா."

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாகூட என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவு அவசரப்படுத்தாதடி அவனை. மெதுவாவே வளரட்டும்" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பாவம், அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தோளுக்குமேல் தலையை நீட்டி மலையைப் பார்த்து, முன்னைவிட அழுத்தமாக, இன்னொரு தடவை வேண்டிக்கொண்டேன்.