பரிமளக்கா ட்ரெயிலருக்குக் காப்புறுதி எடுத்த கதை

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். பரிமளக்கா போனார். அதுவும் சுட்ட அதே அடுப்படிக்கு, என்னையும் இழுத்துக்கொண்டு.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாங்கள் இருவரும் பதினேழு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு, வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் ட்ரெயிலர் ஒன்றை வாங்கிவிட்டார். கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ள சின்ன வீடு அது. சேர்த்து வைத்ததெல்லாம் அதற்குள் போய்விட்டது. மே தொடக்கம் ஒக்டோபர் வரை ஏரிக்கரையில் நிறுத்தி அதில்தான் வாழப்போகிறாராம். குளிருக்கு என் வீட்டு அறை. டோர்செட் பார்க்கில் இருந்த வாடகை அப்பார்ட்மென்றை விடுவதாக நோட்டீசும் கொடுத்தாயிற்று.

"இருபத்தாறு வருசம் வாடகை குடுத்து ஆற்றையோ கூரைக்குக் கீழ இருந்திட்டன், துர்க்கா. இனி என்ர கூரை," என்றார்.

அந்தக் கூரையில் மரம் முறிந்து விழுந்தால் இன்னொன்று வாங்க அவரிடம் எதுவும் இல்லை. நல்ல காப்புறுதி வேண்டும். அதை எடுக்க விநாயகமூர்த்தியிடம் போகிறோம் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மனிதர்தான் அக்காவின் கணவர் வீரக்குட்டிக்கு ஆயுள் காப்புறுதி எடுத்துக் கொடுத்தவர். நம் சனத்தின் வழக்கம் தெரியும்தானே. 'எங்கட ஆள்' வீட்டுக்கு வருவார், தேத்தண்ணி குடிப்பார், நாங்கள் வெறும் படிவத்தில் கையெழுத்து வைப்போம், மிச்சத்தை அவர் நிரப்புவார். வாசிக்கக் கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். வீரக்குட்டி நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர். விநாயகமூர்த்தி, கட்டணம் குறையட்டுமென்று, 'புகைப்பதில்லை' என்று நிரப்பிவிட்டார். அடுத்த வருடமே வீரக்குட்டி மாரடைப்பில் போனபோது, படிவத்தில் பொய் இருக்கிறது என்று கம்பனி கையை விரித்தது. வீரக்குட்டி பொய் சொல்லி மாட்டுப்பட்டார் என்று சனம் கதைத்தது. விநாயகமூர்த்தி வாயே திறக்கவில்லை.

"உங்களுக்கு வேற ஆளே கிடைக்கேல்லையோ?" என்று காரில் கத்தினேன்.

"வேற ஆளிட்டப் போனா உவர் தப்பியிடுவார்," என்றார் அக்கா. எனக்கு அப்போது விளங்கவில்லை.

விநாயகமூர்த்தி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்கோ தங்கச்சி. சைன் மட்டும் வைச்சிட்டுப் போங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

எனக்குக் கை துருதுருத்தது. அக்கா ஆறுதலாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இல்லை அண்ணை. ஒவ்வொரு கேள்வியா வாசிச்சுத் தமிழில சொல்லுங்கோ. நான் சொல்லுறதை எழுதுங்கோ."

"என்ன பாவனைக்கு எண்டு கேக்குது. வார இறுதியில உல்லாசத்துக்கு எண்டு போடுவம், மலிவு."

"ஆறு மாசம் அதுக்குள்ள சீவிக்கப் போறன் எண்டு போடுங்கோ."

"கட்டணம் கூடும்!"

"கூடட்டும்."

"முழுக்க நொறுங்கினா, பழசின்ர பெறுமதி போதுமோ, புதுசு வேணுமோ?"

"புதுசு."

"படியில ஆரும் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டா?"

"அதுவும் வேணும். உள்ளுக்க இருக்கிற சாமானுக்கும் வேணும், இடியப்ப உரல் தொடக்கம்."

"வழியில பழுதாகி நிண்டா ஹோட்டல் செலவு?"

"அது வேண்டாம். துர்க்கா வந்து ஏத்துவாள்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாருங்கள்!

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விநாயகமூர்த்தி கோப்பை மூடப் பார்த்தார். "அவ்வளவுதான்."

அக்காவின் விரல் போய்த் தாளில் நின்றது. "இந்தக் கேள்வியை விட்டிட்டியள்."

அவர் தொண்டையைச் செருமினார். "முந்தி ஏதும் காப்புறுதிக் கம்பனி உங்களுக்குக் காசு தர மறுத்ததோ எண்டு. உது சும்மா கேக்கிறது, தங்கச்சி. இல்லை எண்டு போடுவம்."

"ஓம் எண்டு போடுங்கோ. ஏனெண்டும் கேட்டுக் கிடக்கு. அதையும் எழுதுங்கோ."

அவருடைய முகம் செத்துப்போயிற்று. "என்னெண்டு எழுதுறது?"

"நடந்ததை."

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. குனிந்து ஆங்கிலத்தில் எழுதினார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்த மனிதரை நான் கண்டதில்லை. அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பி, சொல் சொல்லாக வாசித்தார். கணவர் புகைப்பவர். முகவர் விசாரிக்காமல் 'இல்லை' என்று நிரப்பினார்.

"முகவற்ர பேர் இல்லையே, அண்ணை."

அவர் தன் பெயரை எழுதினார்.

அக்கா அதையும் வாசித்தார். கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"என்ர மனுசன் பொய் சொல்லேல்லை," என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.