நீலச் சுடரும் மீனம்மாவின் சந்தேகமும்

செல்லசாமி மீனம்மா (1956–2024). பிறந்ததும் வாழ்ந்ததும் இறம்பொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். கணவர் செல்லசாமி நெடுங்காலத்துக்கு முன்னரே காலமானார். ஒரே மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தார். வீட்டில் மீனம்மாவுக்குத் துணை ஒரு செவலைப் பசு.

எவரையும் எளிதில் நம்பாதவர் என்று தோட்டம் முழுவதும் அவருக்குப் பெயர் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. கொழுந்து பறித்த காலத்தில், ஒருநாள் தமது சாக்கை வீதியோரத்துப் பைஸர் கடைத் தராசில் நிறுத்துவிட்டு, அதே சாக்கைத் தோட்டத்தார் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எடை குறைந்தது. பெரிய ரகளை நடந்தது, தராசு மாறியது. அன்றுமுதல் அவர் சந்தேகத்தைக் கைத்தடிபோல் வைத்திருந்தார். வயதாக ஆக, அதை ஊன்றுவதைவிட ஓங்குவதே அதிகமாயிற்று.

ஓய்வுபெற்ற பின்னர் முழங்கால் வீங்கிக்கொண்டது. விறகுக்காக மேற்காட்டுக்கு ஏறி, கட்டைச் சுமந்துகொண்டு இறங்குவது வரவர இயலாத காரியமாயிற்று. அந்நேரத்தில்தான், 2021ஆம் ஆண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலராகிய குகநேசன் வந்தார். யாழ்ப்பாணத்தவர். மாட்டுக் கொட்டகையின் பக்கத்தில் நிலத்தடித் தொட்டி கட்டி, சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து அடுப்பெரிக்கலாம் என்றார்.

"உள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிருகள் கோடிக்கணக்கில இருக்கும், அம்மா. அதுகள்தான் சாணியைத் திண்டு வாயுவை விடுகிறது."

"கண்ணுக்குத் தெரியலன்னா, இருக்குன்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

"படிச்சனாங்கள், அம்மா."

"ஆமாங்க. அன்னைக்குக் கொழுந்து நிறுத்த ஐயாவும் படிச்சவர்தான்."

குகநேசன் சிரித்துவிட்டு நிபந்தனையைச் சொன்னார். அடுத்த ஆண்டு பெப்ரவரி இறுதியில் தாம் வந்து பார்க்கும்போது அடுப்பு எரியவேண்டும். எரியாவிட்டால் குழாயையும் அடுப்பையும் கழற்றி, அடுத்துக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்துக் காத்திருந்தவர் பக்கத்து வீட்டு ஜீவராணி. லயத்தில் மாடு வைத்திருந்த மற்றொருவர் அவர் மட்டுமே.

மீனம்மா உயிர்களை நம்பவில்லை. முழங்காலை நம்பிச் சம்மதித்தார். ஒரு மாட்டின் சாணம் ஆரம்பத்துக்குப் போதாது என்பதால் ஜீவராணியின் கொட்டகைச் சாணத்தையும் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். சில வாரங்களில் அடுப்பில் நீலச் சுடர் தோன்றியது. மீனம்மா கேத்தலை முகர்ந்தார், தேநீரை முகர்ந்தார். முதற் கோப்பையைத் தாம் குடியாமல் ஜீவராணியிடம் நீட்டிவிட்டு, அவர் முகத்தையே கூர்ந்து பார்த்திருந்தார்.

"என்னா பெரியம்மா, நான் சாவுறனான்னு பாக்குறீங்களா?"

"சும்மா குடி, புள்ள."

ஜீவராணி சாகவில்லை. அரைமணி நேரம் கழித்து மீனம்மாவும் குடித்தார்.

அந்த ஆண்டின் கடைசியில் நாட்டில் எரிவாயுச் சிலிண்டருக்குத் தட்டுப்பாடு வந்தது. நகரத்தில் வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. லயத்தில் மீனம்மாவின் சுடர் மட்டும் அசையாமல் எரிந்தது. அதைப் பார்க்க வந்த ஒவ்வொருவர் கண்ணிலும் அவர் பொறாமையையே கண்டார். தொட்டியின் குழாயைச் சுற்றித் தகரத்தால் கூண்டு அடித்து, அதற்குப் பூட்டும் போட்டார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. சாணத்து நெருப்பில் மாட்டுக்குப் பொங்கல் வைப்பது சுத்தமோ அசுத்தமோ என்று அவருக்குள் ஓர் உறுத்தல். எனவே கொட்டகையைக் கோயில்போல் கழுவினார். கொட்டகைத் தரை தொட்டியின் வாய்ப்பக்கம் சரிந்திருந்தது. சாணமும் கோமூத்திரமும் தாமாகவே உள்ளே வடியும்படி குகநேசன் அமைத்த சரிவு அது. பொங்கல் நன்றாகப் பொங்கியது. ஆனால் அந்த வாரமே சுடர் குன்றத் தொடங்கியது. முதலில் மஞ்சளித்தது. பிறகு நடுங்கியது. பிறகு, தீக்குச்சிகள் கருகினவேயன்றி அடுப்பு பற்றவில்லை.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. அது அவருடைய சந்தேகத்தைத் தணிக்கவில்லை; வேறு சாவி இருக்கிறது என்றே பட்டது. மறுநாட் காலை பீலியடியில், தண்ணீருக்கு நின்ற பெண்கள் எல்லோரும் கேட்கும்படி அவர் தொடங்கினார்.

"அடுப்பு அணைஞ்சா யாரு வீட்டுக்குப் போகும்னு ஊருக்கே தெரியும். தொட்டியில என்னத்தக் கொட்டுன, ஜீவராணி?"

ஜீவராணி குடத்தைக் கீழே வைத்தார். "ஒங்க தொட்டிக்கு என் மாட்டுச் சாணியக் கொட்டுனேன் பெரியம்மா. வேற ஒன்னும் கொட்டல."

"அதுலயே என்னமோ கலந்திருக்க."

"அப்ப அன்னைக்கு டீய எனக்குக் குடுத்தது சரிதான்." குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜீவராணி போய்விட்டார். அதற்குப் பின் இரு வீடுகளுக்கும் பேச்சில்லை.

பெப்ரவரி நெருங்கிக்கொண்டிருந்தது. மீனம்மா விறகுக்கு ஒருமுறை ஏறிப்பார்த்தார். பாதி வழியில் உட்கார்ந்து, தவழ்ந்து இறங்கினார். ஆதாரம் தேடி நேராகப் பைஸர் கடைக்குப் போனார்.

"நானா, பொங்கலுக்கு முன்ன ஜீவராணி ஒங்க கடையில மருந்து கிருந்து வாங்குனாளா?"

பைஸர் அரிசி அளந்தபடி யோசித்தார். "அவ சர்க்கரையும் தீப்பெட்டியும்தான் எடுத்தா. பூச்சியக் கொல்ற சாமான் எடுத்தது நீங்கதானே! ரெண்டு போத்தல் பினாயில். அந்த வாசம் கடையில இன்னும் ஈக்குது. அதுக்குத் தப்பிப் பொழைச்ச பூச்சி உண்டா, மீனம்மாக்கா?"

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், தொட்டியை நோக்கிய சரிவு, இரண்டு போத்தல் பினாயில். ஒன்றன்பின் ஒன்றாக அவை அவருக்கு முன்னே வந்து நின்றன. கடைவாசலில் கிடந்த வாங்கில் அமர்ந்து, தம் வாழ்நாளில் அதுவரை சந்தேகிக்காத ஒரே ஆளை அவர் சந்தேகித்தார். தராசில் வைத்ததுபோல் எடை சரியாக இருந்தது.

வீடு திரும்பி, தொட்டியிலிருந்த நாறிய கரைசலை வாளி வாளியாக அள்ளி வெளியேற்றினார். புதிதாக நிரப்ப அவருடைய பசுவின் சாணம் போதாது. மற்றொரு கொட்டகை ஒன்றே இருந்தது. வெற்று வாளியுடன் அதன் வாசலில் போய் நின்றார்.

ஜீவராணி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டார்: "எங்க வந்தீங்க?"

"சாணி வேணும், புள்ள."

"விஷம் கலந்திருக்குமே?"

"கலந்தது நான்தான். பினாயில் ஊத்திக் கழுவுனேன். எல்லாம் உள்ள போயிருச்சு."

"பீலியடியில சொன்னத இங்க வந்து மெதுவாச் சொன்னா எப்படி, பெரியம்மா?"

மீனம்மா வாளியை அங்கேயே வைத்துவிட்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு பீலியடிக்குப் போனார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம், முன்னர் கத்திய அதே குரலில், அடுப்பைக் கெடுத்தது தாமே என்று சொன்னார். திரும்பி வந்தபோது வாளி நிறைந்திருந்தது. அடுப்பு கெட்டால் தம் வீட்டுக்கு வரவேண்டியது அது என்பது ஜீவராணிக்குத் தெரியாததல்ல. மறுநாள் முதல், தொட்டி நிரம்பும்வரை, வாளி வாளியாக அவரே கொண்டுவந்து ஊற்றினார்.

பெப்ரவரி இறுதியில் குகநேசன் வந்தார். தீக்குச்சியைக் கிழித்தவர் மீனம்மா. சுடர் சிறிதாய், நீலமாய் எழுந்தது.

"உயிருகள் இருக்குதோ, அம்மா?" என்றார் குகநேசன்.

"இருக்குங்க. செத்தப்பொறகுதான் தெரிஞ்சிச்சு."

அடுத்த ஆண்டு ஜீவராணிக்கும் ஒரு தொட்டி கட்டப்பட்டது. மீனம்மாவின் சந்தேகம் மட்டும் போகவில்லை; அது இரு தொட்டிகளையும் காவல்காத்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி, மாட்டுப் பொங்கலன்று, ஜீவராணி கொட்டகை கழுவ எடுத்துவந்த வாளியை வழிமறித்து, குனிந்து முகர்ந்து, மஞ்சள் தண்ணீர்தான் என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே அவர் வழிவிட்டார்.