நான்காவது டைல்ஸ் வரிசை

தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியைப் பதினோரு ஆண்டுகளாகத் தேய்த்துக் கழுவி நிரப்பிவந்தவர், அதில் ஒருநாளும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அவருடைய தொழில் குழாய் பழுதுபார்ப்பது. நண்பர்கள் வைத்த பெயர் பூனை. தண்ணீரைக் கண்டால் பின்வாங்கும் பிளம்பருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

காரணம் அறிந்தவர் மனைவி ஒருவரே. இருபத்தைந்து வயதில், ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில் அடைப்பெடுக்கக் கூட்டாளியோடு இறங்கியிருந்தார். அடைப்பு விலகியதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. ஒரு கையில் ஏணி. மறு கையில் கூட்டாளியின் மணிக்கட்டு. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டிய கணம் வந்தது. அவர் விட்டது ஏணியை அல்ல.

ஆகவே, விசுவாசம் வந்த பின்னும் ஞானஸ்நானத்தை ஆண்டுக்கொரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். சளி, முதுகுவலி, அவசர வேலை என்று சாக்குகள் தீர்ந்துபோயின. இறுதியில் போதகர் தேதி குறித்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை வழக்கம்போல் அவரே தொட்டியை நிரப்பினார். வளர்ந்த ஒருவர் முழுதாக மூழ்க வேண்டுமானால் நீர்மட்டம் நான்காவது டைல்ஸ் வரிசையைத் தொட வேண்டும். இரண்டாவது வரிசையை எட்டியதும் வால்வை மூடினார். அதன் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதயம் அந்த இரும்பின் மீதே இடித்தது.

"வால்வு இறுகிக்கிச்சுங்க ஐயா. இதுக்கு மேல ஏறாது. அடுத்த மாசம் வெச்சுக்கலாமே?"

போதகர் அவரைவிட இளையவர். எதையும் எளிதில் நம்பிவிடுபவர். "அட, இதுக்கா அடுத்த மாசம்? பின்னாடி கிணறு இருக்கேண்ணே. வாளியில அள்ளி ஊத்திடலாம். நீங்க போயி அங்கிய மாட்டுங்க."

உடைமாற்றும் அறையின் சன்னல் வழியே பார்த்தார். சபையார் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வலிக்கார முதியவர் ஒருவரும் வரிசையில் நின்றார். ஒவ்வொரு வாளி கவிழும் ஓசையும் சன்னலருகே நின்றவரின் தொண்டைக்குள் விழுந்தது.

மனைவி முழங்கைவரை நனைந்தபடி வந்து வெள்ளை அங்கியை நீட்டினார். அதை அணிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது: அங்கிக்குப் பை இல்லை. கழற்றிப் போட்ட சட்டையை மடித்த மனைவியின் கை நின்றது.

"என்னங்க இது, கல்லு கணக்கா கனக்குது?" கைப்பிடியை வெளியே எடுத்துப் பார்த்தார். "ஊரே தண்ணி தூக்குது. பூனை மடியில வால்வா?"

அவர் அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கேலி பேசிய மனைவி மெல்ல அருகில் அமர்ந்தார்.

"நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

கைப்பிடியை உள்ளங்கைக்குள் இறுக்கியபடி அவரே போனார். போதகரைத் தனியே அழைத்து அதை நீட்டினார். நிலத்தடித் தொட்டியின் கதையையும் சொன்னார்.

"பயமா இருக்குங்க ஐயா. உள்ள போனா மேல வரமாட்டேன்னு தோணுது."

போதகர் தணிந்த குரலில், "வரமாட்டீங்கண்ணே," என்றார். "குளிச்சுட்டுப் போற இடமில்ல இது. அடக்கம் பண்ற இடம். பழைய ஆளு கிறிஸ்துவோட சாவுக்குள்ள போறாரு. அவரோட எழுந்து வர்றது வேற ஆளு. பயமே இல்லாம இறங்குறவங்களுக்கு இது புரியலையோன்னு நான் சில நேரம் யோசிச்சிருக்கேன்."

"அந்தப் பழைய ஆளு, கூட இருந்தவன் கைய விட்டவன்."

"அவரத்தான் அடக்கம் பண்ணப் போறோம்."

"நீங்க கைய விட்டுட்டா?"

"எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனாலதான் ரெண்டு கையாலயும் பிடிப்பேன்."

பிளம்பர் கைப்பிடியோடு திரும்பிச் சென்று அதை வால்வில் பொருத்தித் திறந்தார். வாளிகள் நின்றன, யாரும் காரணம் கேட்கவில்லை. மூன்றாவது வரிசை மறைந்தது. நான்காவது வரிசையை நீர் தொட்டபோது அவரே மூடினார்.

படிகளில் இறங்குகையில் இடது கை பக்கக் கம்பியைப் பற்றியிருந்தது. தண்ணீர் நெஞ்சுவரை ஏறியும் அது விடவில்லை. கைகளை மார்பில் குறுக்காக வைக்குமாறு போதகர் சைகை காட்டினார். சபை காத்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கடைசி விரல் பிரிந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவ நாமம் காதில் விழுந்ததும் தண்ணீர் மூடியது. அதே இருள், அதே இரைச்சல். கத்த வாயெடுத்த கணத்தில் இரண்டு கைகள் அவரைத் தூக்கின. இருமினார், மூச்சு வந்தது, மீண்டும் வந்தது.

"பூனை நனைஞ்சிடுச்சு," என்று முன்வரிசையில் மனைவி அழுதுகொண்டே சொன்னார்.

எல்லாரும் போன பின்னும் ஈர அங்கியோடு நின்று, வடிகாலை அவரே திறந்தார். பதினோரு ஆண்டுகளாகத் தொட்டி வடியும்போதெல்லாம், அடியில் ஒரு முகம் தெரிந்துவிடுமோ என்று பார்வையைத் திருப்பிக்கொள்வார். அன்று திருப்பவில்லை. நீர் சுழன்று இறங்கியது. உடல் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் கடைசிச் சொட்டுவரை பார்த்தார்.