முத்துப்பேச்சி வெட்டிய முப்பத்தொரு நூல்

கையில் கத்தரிக்கோலோடு முத்துப்பேச்சி உட்கார்ந்திருக்கும்போது, நூல் தொங்கும் சட்டையோடு யாரும் அவள் பக்கம் போகக் கூடாது. போன வருஷம் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆடிட் பண்ண வந்த ஒரு பெரிய மனிதரின் முழுக்கைச் சட்டையில் ஒரு நூல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் தீயணைப்புக் கருவியைப் பற்றி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இவள் எட்டி அதை நறுக்கென்று வெட்டிவிட்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார். "பிசிறு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் அடுத்த பீஸை எடுத்துக்கொண்டாள்.

கயத்தாறு பக்கத்து ஊர்க்காரி. புருஷன் தவசியோடும் கைக்குழந்தை ஜோதிகாவோடும் இருபது வருஷத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வந்து இறங்கினாள். வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீடு. தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலையில்தான் சேர்ந்தாள். அந்த நூலைத்தான் இங்கே பிசிறு என்போம். இன்று செக்கிங் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. அவள் பார்த்து முடித்த ஒவ்வொரு பீஸிலும் ஏழு என்று எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது அவளுடைய எண். ஏழாம் நம்பர் ஒட்டிய சட்டை ஒன்றுகூடப் பிசிறுக்காகத் திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததை மடித்துப் பெட்டியில் போடுவது என் வேலை. நான் நாச்சிமுத்து, பேக்கிங் பகுதி. அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் நடந்த குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஆகவே எழுதுகிறேன்.

ஆவணியில் ஒரு ஆர்டர் வந்தது. மொத்தம் முப்பது பீஸ். கால்பந்துச் சட்டை, பச்சை உடம்பு, வெள்ளைக் கை. எங்கள் முதலாளி அப்புசாமிக்கு முப்பது என்ற எண்ணைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தை எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஜனனியைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, முப்பது பீஸுக்கு மெசினுக்கு நூல் மாத்தறதுக்குள்ளயே பொழுது போயிருமே. யாருக்கு இது?"

"லுவேனாங்கிற தீவுங்க. அந்த நாட்டு டீமுக்குங்க. இதுதான் அவங்க ஆடற மொத மேட்சுங்க. நம்மகிட்ட ரொம்ப நாளா சரக்கு வாங்கற பையர் கேட்டுக்கிட்டாருங்க."

"அப்படி ஒரு நாடு இருக்குதா?"

"இன்னும் நாடு ஆகலீங்க. தனி நாடு வேணும்னு போராடிட்டு இருக்காங்க."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாடே இல்லாம நாட்டு டீமு எப்படிம்மா?"

"எனக்கும் அதுதாங்க புரியல."

எனக்கும் புரியவில்லை. பெட்டியின் மேல் போய்ச்சேரும் நாட்டின் பெயரை எழுதுவது என் வேலை. கம்ப்யூட்டரில் இருக்கும் நாடுகளின் பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். லுவேனா இல்லை. மேட்ச் நடக்கிற ஊர் வேறு யாரோ ஒருவருடைய நாட்டில் இருந்தது. சொந்த மண்ணில் ஆட இவர்களை விடமாட்டார்களாம். கடைசியில் அந்த அடுத்த நாட்டின் பெயரையே எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பதிலாக மண்டபக்காரர் பெயரைப் போட்டதுபோல் இருந்தது.

சாம்பிளாக ஒரு சட்டையை அவர்களே தைத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தொழிலில் சாம்பிள் சாமி மாதிரி. அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்ய வேண்டும், மறுபேச்சுக் கிடையாது. அந்தச் சாம்பிளின் இடது கை ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதே மாதிரி முப்பதிலும் நூலை விடச் சொல்லி டைலரிடம் ஜனனி தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவனும் சொன்னபடி விட்டான். வேலை முடிந்த அன்று சாயங்காலமே வேறு கம்பெனிக்குப் போயும்விட்டான். ஜனனி குண்டடத்தில் குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று மூன்று நாள் லீவில் போய்விட்டாள். டைலரிடம் சொன்னவளுக்குச் செக்கிங்கில் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நூலைத் தைப்பவனிடம் சொன்னால் போதாது, வெட்டுபவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை முப்பது சட்டையும் முத்துப்பேச்சியின் மேசைக்கு வந்தன. முதல் சட்டையை எடுத்தவள் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க. எவன் தச்சான் இத? பிசிறா இது, கயிறு கணக்கா தொங்குது!"

நறுக், நறுக்கென்று முப்பதையும் வெட்டினாள். அதோடு விட்டாளா? மேசைக்கு மேலே கம்பியில் தொங்கிய சாம்பிளையும் இறக்கினாள். "சாம்பிள் தச்சவனும் இதே லெச்சணந்தான்" என்று சொல்லி அதையும் வெட்டினாள்.

நான் பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸையும் சாம்பிளோடு வைத்து ஒத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே ஒத்துப்போனது. எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும்? அன்று சாயங்காலமே பெட்டி விமானம் ஏறப் போய்விட்டது.

வியாழக்கிழமை லீவு முடிந்து வந்த ஜனனி, கம்ப்யூட்டரைத் திறந்த கொஞ்ச நேரத்தில் செக்கிங் பகுதிக்கு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அந்தப் பச்சைச் சட்டைல செவப்பு நூல் இருந்துச்சுங்களே..."

"ஆமா தாயி, இருந்துச்சி. எல்லாத்தையும் வெட்டிட்டேன். ஒண்ணுகூட விடல" என்றாள் முத்துப்பேச்சி. பாராட்டு வரும் என்று நினைத்தாள் போல.

ஜனனி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைகள் கைக்கு வந்ததும் டீமின் கேப்டன் எழுதியிருந்ததை அங்கேயே எங்களுக்கு விளக்கினாள். அந்தத் தீவில், தொடங்கிய காரியம் முடியாதவரைக்கும் துணியில் ஒரு நூலை வெட்டாமல் விடுவது வழக்கமாம். விடுதலை கேட்க ஆரம்பித்த பிறகு எல்லோரும் இடது கையில் ஒரு சிவப்பு நூலை விட்டே சட்டை போடுகிறார்களாம். சாலையில் ராணுவம் நிறுத்திச் சோதனை போடும் இடங்களில், சிப்பாய்கள் கத்தரிக்கோலோடு நின்று அந்த நூலைத்தான் வெட்டுவார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையைக்கூட விடுவதில்லையாம்.

"'இதை வெட்டினது யாரு'ன்னு கேட்டிருக்காங்க, அக்கா."

முத்துப்பேச்சி கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். பிறகு அதை மேசையில் வைத்தாள். வைத்த இடம் சரியில்லை என்பதுபோல மறுபடி எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

"அப்ப நான் அந்தச் சிப்பாய்க்காரன் வேலையையா பாத்திருக்கேன்?"

அவள் ஜனனி பக்கம் திரும்பினாள்.

"ஏழாம் நம்பருன்னு எழுது. எம்பேரையும் எழுது. ஒளிக்காண்டாம்" என்றாள். பிறகு, "இப்ப சட்டையைப் போடுவாகளா, மாட்டாகளா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க அக்கா. கூடிப் பேசிட்டு இருக்காங்களாம். நூல் வெட்டின சட்டையப் போட்டுட்டுப் போய் நின்னா, ஊர்ல இருக்கறவங்க என்ன நெனைப்பாங்கன்னு பாதிப் பேர் வேண்டாங்கறாங்களாம். பயிற்சிக்குப் போடற வெள்ளப் பனியன்லயே ஆடிக்கறமுங்கறாங்க. நாளன்னிக்கு மேட்சுங்க."

முதல் முறையாக ஒரு நாடு என்று சொல்லிக்கொண்டு வெளியே வரப்போகிறார்கள். பள்ளிக்கூட டிரில் பீரியடுக்குப் போவதுபோல வெள்ளைப் பனியனில் வர வேண்டும், இவள் கத்தரிக்கோலால். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நானும் அங்கேதான் நின்றேன், திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல. சாம்பிளில் நூல் தொங்கியதை முந்தின வாரம் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒத்துப் பார்க்கும்போது ஏன் ஞாபகம் வரவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணோம். தேடிப் போனால், பின்பக்கம் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. ஒரு மூட்டையைக் கொட்டி, மலையாய்க் கிடந்த பிசிறுக் குவியலில் சிவப்பை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, சாப்பிடலீங்களா?"

"இருவத்தாறு கெடச்சிருக்கு அண்ணாச்சி. மிச்சத்தையும் எடுத்துருதேன்."

நானும் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குள் முப்பத்தொன்றும் கிடைத்துவிட்டன. அவற்றில் ஒன்று மட்டும் எங்கள் நூல் இல்லை, கையால் முறுக்கிய பருத்தி. அது சாம்பிளின் நூல். அதை விரலில் உருட்டிப் பார்த்தவுடனே அவள் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். இவற்றை அனுப்பலாமா என்று கேட்டாள். எந்த விமானத்தில் ஏற்றினாலும் மேட்சுக்குள் போய்ச் சேராது என்றாள் ஜனனி. கடைசியில் ஒரு வெள்ளை அட்டையில் முப்பத்தொரு நூலையும் வரிசையாக வைத்து, கீழே ஏழாம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிப் போட்டோ எடுத்தார்கள்.

"தெரியாமச் செஞ்சிட்டோம்னு எழுது தாயி. எங்களுக்குப் பிசிறுன்னா வெட்டத்தான் தெரியும்னு எழுது. தூரப் போடல, எடுத்து வச்சிருக்கோம்னும் எழுது."

பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அவளாக இல்லை. ஒரு சட்டையைக் கையில் எடுப்பாள், தொங்கும் நூலைப் பார்ப்பாள், கத்தரிக்கோலைக் கொண்டுபோவாள், அங்கேயே நிற்பாள். "இது பிசிறுதான, அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள். இருபது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் அதுதான். பிசிறுதான் என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே சந்தேகமாகிவிட்டது. அன்று அவள் பார்த்து விட்ட பெட்டியில் நான்கு பீஸில் நூல் தொங்கியது. சத்தமில்லாமல் நானே வெட்டிப் போட்டேன்.

சனிக்கிழமை மாலை டீ நேரத்தில், முதலாளி அறையில் ஜனனி கம்ப்யூட்டரில் மேட்சைப் போட்டாள். முதலாளி, நான், ஜனனி. முத்துப்பேச்சி நாற்காலி வேண்டாம் என்று கதவோரம் நின்றாள். எதிரணி முதலில் வந்தது. அடுத்து இவர்கள் வர வேண்டும். யாரும் டீயைத் தொடவில்லை.

பச்சை தெரிந்தது.

"போட்டிருக்காக!" என்று கத்திவிட்டாள் முத்துப்பேச்சி. ஓடி வந்து திரைக்கு மேல் குனிந்தாள். வரிசையாக நின்று அவர்களுடைய பாட்டைப் பாடினார்கள். கேமரா ஒவ்வொருவராக நகர்ந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இடது கைகளைத்தான் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அவள் குரல் மாறிவிட்டது.

"ஐயய்யோ, கை மடிப்பு பிரிஞ்சிருக்கே! இவருக்கும் பிரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் பிரிஞ்சிருக்கே அண்ணாச்சி!"

உண்மைதான். பதினொரு பேரின் இடது கையிலும் மடிப்பு பிரிந்து, ஓரம் சுருண்டு, வெள்ளைத் தையல் நூல் ஒன்று தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. "என்னம்மா இது, உலகமே பாக்குது!" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

ஜனனியின் போன் ஒலித்தது. படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"அவங்களேதான் பிரிச்சிருக்காங்க. நேத்து நம்ம போட்டோவப் பாத்துட்டு ராத்திரி பூரா பேசுனாங்களாம். வெட்டின நூலுக்குப் பதிலா ஆளாளுக்கு அவங்கவங்க கையாலயே ஒரு நூல உருவி விட்டுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்." சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா, ஏழாம் நம்பர்கிட்டச் சொல்லணுமாம். தையல் அத்தன கெட்டியாம். பல்லால கடிச்சு இழுத்துத்தான் பிரிக்க முடிஞ்சுதாம்."

முத்துப்பேச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நல்லாத் தச்ச மடிப்ப இப்படிக் கடிச்சு வச்சிருக்காகளே" என்று திட்டினாள். உடனே, "நல்லாருக்கட்டும்" என்றாள். லுவேனா ஆறு கோல் வாங்கித் தோற்றது. ஒன்றும் போடவில்லை. கடைசிவரை அவள் நின்றே பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து அதே சட்டைக்கு மறு ஆர்டர் வந்தது. இந்த முறை ஊர் மக்களுக்கு, ஆயிரத்து இருநூறு பீஸ். சாம்பிளில் அந்தப் பருத்தி நூலை முத்துப்பேச்சியே கையால் தைத்து மறுபடி தொங்கவிட்டிருந்தாள். இப்போது அவள் டேப்பை வைத்து ஒவ்வொரு பிசிறையும் அளக்கிறாள். நூல் தொங்காத பீஸ்களைக் குறை என்று ஒதுக்கித் தையலுக்குத் திருப்பி அனுப்புகிறாள். அனுப்பும்போதெல்லாம் அவள் முகத்தில், தான் செய்வது சரிதானா என்ற கேள்வி வந்து போகும்.

கடைசிப் பெட்டியை நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஜனனியைக் கூப்பிட்டாள்.

"தாயி, இவுகளுக்கு நாடு எப்பக் கெடைக்கும்?"

"யாருக்குங்கக்கா தெரியும்?"

"கெடச்சதும் எனக்கு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அம்புட்டுச் சட்டையையும் இங்க திருப்பி அனுப்பச் சொல்லு." இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தாள். "அன்னைக்கும் நாந்தான் வெட்டுவேன்."